சதுரங்கத்தில் கலப்பு ஆற்றல்: ராஜாவின் குதிரைப் பாய்ச்சலும் அதன் உறவுகளும்

கலப்பு ஆற்றல் என்பது பலகை விளையாட்டுகளில் ஒரு வகைக் காய்க்கு உரிய நகர்வை வேறொரு வகைக் காய்க்கும் சேர்த்துக் கொடுப்பதைக் குறிக்கும். இன்றைய சதுரங்கத்தின் ராணி எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. கோட்டையைப் போல நேராகவும், பிஷப்பைப் போல மூலைவிட்டமாகவும் செல்லும் காய் அது. இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆடப்பட்ட உள்ளூர்ச் சதுரங்கத்தில் ராஜாவுக்கும் இப்படியொரு கலப்பு உரிமை இருந்தது. ஆட்டத்தில் ஒரே ஒரு முறை அவர் குதிரையைப் போலப் பாயலாம். ஐரோப்பிய விதிகள் நாடு முழுவதும் பரவியபோது அந்த உரிமை மறைந்தது. இன்று சதுரங்கம் கற்கும் தமிழ்நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் தேவை. தமிழில் சதுரங்கக் காய்களின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. மூலையில் நிற்கும் காயைச் சிலர் யானை என்பர், சிலர் கோட்டை என்பர். பழைய ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற காய்தான் மந்திரி. அது இன்று ராணியாகிவிட்டது. மந்திரி, அமைச்சர் என்னும் பெயர்கள் இப்போது பிஷப்புக்கு வழங்குகின்றன. குழப்பம் வராதிருக்க, இக்கட்டுரையில் மூலைக்காய் கோட்டை என்றும், ராணிக்கு முன்னோடியான பழைய காய் மந்திரி என்றும், இன்றைய மூலைவிட்டக் காய் பிஷப் என்றும் குறிக்கப்படுகின்றன.

நான்கு படைகளின் ஆட்டம்

சதுரங்கம் என்ற சொல்லுக்கு நான்கு உறுப்புகள் என்று பொருள். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையே அது சுட்டியது. ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றிய குறிப்பு இருப்பதாக ஆய்வாளர் கொள்வர். தமிழ்நாட்டில் திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் இறைவனின் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளாகப் பிறந்த அம்பிகையை இறைவன் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் கதை.

தொடக்க கால ஆட்டத்தில் ஒவ்வொரு படைக்கும் ஒரு தொழில்தான். குதிரை தாண்டிப் பாயும், தேர் நேராக ஓடும், காலாள் ஓரடி முன்னால் வைப்பான், மந்திரி மூலைவிட்டமாக ஒரே ஒரு கட்டம் நகர்வார். ஒருவர் தொழிலில் இன்னொருவர் கை வைப்பதில்லை.

இதில் முதல் விதிவிலக்கு யானை. ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதிய அல்பிரூனி, வடமேற்கில் தாம் கண்ட ஆட்டத்தில் யானை ஐந்து விதமாக நகர்ந்தது என்கிறார். முன்னால் ஒரு கட்டம், நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கட்டம். நான்கு கால்களும் ஒரு துதிக்கையும் என்பது அவர் தரும் விளக்கம். குழந்தைக்குச் சொன்னாலும் மறக்காத விளக்கம் இது. கணக்காகப் பார்த்தால், காலாளின் முன்னடியும் மந்திரியின் மூலை நடையும் ஒரே காயில் சேர்ந்திருக்கின்றன. இந்த நடை இந்தியாவில் நிலைக்கவில்லை. பர்மாவின் சிட்டுயின் ஆட்டத்திலும் தாய்லாந்தின் மக்ருக் ஆட்டத்திலும் ஜப்பானிய ஷோகியின் வெள்ளித் தளபதியிடமும் அது இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

மந்திரி ராணியான கதை

பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்ற சதுரங்கத்தில் மந்திரியின் இடத்தில் ராணி வந்து அமர்ந்தார். பெயர் மாறியும் பல நூற்றாண்டுகள் நடை மாறவில்லை. மூலைவிட்டமாக ஒரு கட்டம் என்ற அதே மெல்லிய நடைதான். 1475ஆம் ஆண்டை ஒட்டி ஸ்பெயினின் வலென்சியா நகரில் மூன்று கவிஞர்கள் சேர்ந்து எழுதிய ஒரு கவிதையில் புதிய ராணி தோன்றுகிறார். அவர் எல்லாத் திசையிலும் எவ்வளவு தூரமும் செல்வார். 1497இல் லுசேனா சலமங்காவில் அச்சிட்ட நூல் பழைய முறையையும் புதிய முறையையும் தனித்தனியாகக் காட்டுகிறது. அப்போது காஸ்டிலை ஆண்டவர் இசபெல்லா என்ற அரசி. ராணிக்காய் வலிமை பெற்றதற்கு அவருடைய ஆட்சியும் ஒரு தூண்டுதல் என்று மேரிலின் யாலோம் என்னும் ஆய்வாளர் வாதிட்டார். இருக்கலாம். ஆயினும் ஆட்டக்காரர்களுக்கு விரைவான ஆட்டம் வேண்டியிருந்தது என்பதே போதுமான காரணமாகத் தோன்றுகிறது. பழைய ஆட்டத்தில் படைகள் ஒன்றையொன்று சந்திக்கவே நெடுநேரம் ஆகும்.

புதிய ஆட்டத்தை இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் வெறிபிடித்த ராணியின் ஆட்டம் என்ற பொருளில் அழைத்தனர். ரஷ்யாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வில்லியம் காக்ஸ் என்ற ஆங்கிலப் பயணி 1784இல் வெளியிட்ட நூலில், அங்கு ராணிக்குத் தன் நடையோடு குதிரையின் பாய்ச்சலும் உண்டு என்று எழுதியிருக்கிறார். கோட்டை, பிஷப், குதிரை மூன்றும் ஒரே காயில்! அந்த வழக்கமும் பின்னர் மறைந்தது.

இரண்டு ஆற்றல்கள் ஒரே காயில் சேரும்போது ஏன் ஆட்டமே மாறிவிடுகிறது என்பதை எண்களால் சொல்லலாம். காய்களுக்குப் பொதுவாகத் தரும் மதிப்பில் கோட்டைக்கு 5, பிஷப்புக்கு 3. கூட்டினால் 8. ஆனால் இரண்டின் நடையும் கொண்ட ராணிக்கு 9. ஒரே காய் இரு திசைகளில் ஒரே நேரத்தில் மிரட்டுவதால் வரும் கூடுதல் அது. மறுபக்கமும் உண்டு. அந்தக் காய் வெட்டுப்பட்டால் இரண்டு ஆற்றல்களும் ஒன்றாகப் போய்விடும். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஃபிட்டர் வேலையும் வெல்டர் வேலையும் தெரிந்த ஒருவர் இருந்தால் மேற்பார்வையாளருக்குப் பெரிய நிம்மதி. அவர் விடுப்பு எடுத்த நாளில் இரண்டு வேலையும் நிற்கும்.

இந்திய ஆட்டத்தில் ராஜாவின் பாய்ச்சல்

இந்தியாவில் ராணியின் புதிய நடையை மந்திரிக்குக் கொடுத்து ஏற்றுக்கொண்ட பிறகும் பிற விதிகள் தனி வழியில் சென்றன. 1913இல் சதுரங்க வரலாறு என்ற பெருநூலை வெளியிட்ட எச். ஜே. ஆர். மரே, இந்திய ஆட்ட முறைகள் பலவற்றைத் தொகுத்திருக்கிறார். மரே தொழிலால் பள்ளி ஆய்வாளர் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆய்வுப் பணிக்கு நடுவே அரபு மொழியும் கற்றுக்கொண்டு அந்த நூலை எழுதி முடித்தார்.

இந்திய முறையில் ஐரோப்பியர் செய்வது போல ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரு முறை குதிரைப் பாய்ச்சல் உண்டு. இந்தியில் இரண்டரை வீடு என்று சொல்லப்படும் அதே பாய்ச்சல். ஆனால் ஒரு நிபந்தனை. அதற்கு முன் ராஜாவுக்கு ஒரு முறைகூட முற்றுகை விழுந்திருக்கக் கூடாது. எதிரி ஒரு முறை ராஜாவை மிரட்டிவிட்டால் அந்த உரிமை அத்தோடு தீர்ந்தது. பாய்ந்து போய் எதிரிக் காயை வெட்டலாமா கூடாதா என்பதில் இடத்துக்கு இடம் வேறுபாடு இருந்தது.

இந்தச் சிறு நிபந்தனை ஆட்டத்தை எப்படி மாற்றும் என்று பலகையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எதிராளியின் ராஜா இன்னும் பாயாமல் இருக்கும்வரை, அவரை எங்கே அடைத்தாலும் அந்த அடைப்பில் ஒரு துளை இருந்துகொண்டே இருக்கும். ஆகவே பயன் எதுவும் இல்லாத ஒரு முற்றுகைகூட விலைமதிப்பு பெறுகிறது. ஒரு காலாளைப் பலிகொடுத்தாவது முதல் மிரட்டலைத் தந்து அந்த உரிமையைப் பறிக்கலாமா என்று யோசிக்க வேண்டிவரும். பாதுகாப்பவருக்கும் அதே சிக்கல்தான். சீக்கிரம் பாய்ந்துவிட்டால் உரிமை வீணாகலாம். வைத்திருந்தால் பறிபோகலாம். எப்போது செலவழிப்பது என்பதுதான் அந்த ஆட்டத்தின் சுவை. இன்றைய விதிகளில் இதற்குச் சமமானது இல்லை. ராஜாவும் கோட்டையும் இடம் மாறும் உரிமை ஒரு முறை முற்றுகை விழுந்ததால் மட்டும் போய்விடாது. முற்றுகை நீங்கிய பின் அதைப் பயன்படுத்தலாம்.

கம்போடியாவின் உள்ளூர்ச் சதுரங்கத்திலும் ராஜாவுக்கு இதே போன்ற ஒருமுறைப் பாய்ச்சல் உண்டு. இடைக்கால ஐரோப்பாவிலும் ராஜா ஒரு முறை தாவும் வழக்கங்கள் இருந்து, அவற்றிலிருந்தே இன்றைய இடமாற்றம் வளர்ந்தது.

காலாளின் பதவி உயர்விலும் இந்திய முறை வேறு. கடைசி வரிசையை எட்டிய காலாள் விரும்பிய காயாக மாற முடியாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்தானோ அந்த வரிசைக்கு உரிய காயாகத்தான் மாறுவான். குதிரை நிற்கும் வரிசையில் சென்றால் குதிரை, கோட்டை வரிசையில் சென்றால் கோட்டை. ராஜாவின் வரிசையில் சென்றவன் மந்திரி ஆவான். அந்தக் காய் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால்தான் பதவி கிடைக்கும் என்ற கட்டுப்பாடும் பல இடங்களில் இருந்தது. காலாளின் முதல் நகர்வும் பெரும்பாலும் ஒரே கட்டம்தான்.

ஐரோப்பிய விதிகளின் அழுத்தம் முன்னரே தொடங்கிவிட்டது. 1814இல் பம்பாயில் திருவேங்கடாசார்ய சாஸ்திரி ஒரு சதுரங்கப் புதிர் நூலை வெளியிட்டார். பெயரைப் பார்த்தாலே தெற்கத்தியர் என்று தெரியும். விலாசமணிமஞ்சரி என்ற சமஸ்கிருத நூலின் ஆங்கில வடிவம் அது. ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்ப அமைத்தது என்று தலைப்பிலேயே அறிவித்திருந்தார். சில பத்தாண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர், மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியுடன் ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். பானர்ஜி காலாட்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, பிஷப்பைப் பக்கவாட்டில் ஒளித்து வைத்து ஆடியது ஐரோப்பியருக்குப் புதுமையாக இருந்தது. இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் இந்தியத் தற்காப்புகளின் பெயர் அந்த ஆட்டங்களை ஒட்டி வந்தது. இந்திய விதிகள் போன பிறகும் அவற்றால் உருவான கைப்பழக்கத்தின் தடம் அந்தப் பெயரில் நிற்கிறது.

சுல்தான் கான்

இந்திய விதிகளில் வளர்ந்து உலக மேடை ஏறியவர்களில் மிகச் சிறந்தவர் பஞ்சாபின் மிட்டா திவானாவைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். சிறு வயதில் தந்தையிடம் இந்தியச் சதுரங்கம் கற்றார். நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்தார். 1928இல் அகில இந்திய வாகையர் பட்டம் வென்றார். 1929இல் லண்டன் அழைத்துச் செல்லப்பட்டு, அதே ஆண்டில் பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தையும் வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் அதே பட்டம் அவருக்கே கிடைத்தது. 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் காப்பாபிளாங்காவைத் தோற்கடித்தார்.

ஐரோப்பிய ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளில் அவர் வலுவற்றவர், நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அசாத்தியமானவர் என்பது அக்காலத்தவர் பலரும் சொன்னது. இதைப் படிப்பறிவின்மை என்று சிலர் எழுதியது நியாயமில்லை. காலாள் இரண்டு கட்டம் தாண்டாத, ராஜா குதிரையாகும் ஆட்டத்தில் ஐரோப்பியத் தொடக்க நூல்களுக்கு வேலையே இல்லை. தெரிந்த ஆட்டத்தை மறந்து இன்னொன்றைக் கற்றுக்கொண்டு சில ஆண்டுகளில் அதன் உச்சியைத் தொட்டவர் அவர். 1933இன் இறுதியில் இந்தியா திரும்பியபின் பெரிய போட்டிகளில் ஆடவில்லை. 1966இல் காலமானார். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

இந்தியாவின் பல பகுதிகளில் 1960கள் வரை உள்ளூர் விதிகள் வழக்கில் இருந்தன. அனைத்திந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல் தோன்றியது. 1955இல் ஏலூரில் தேசிய வாகையர் போட்டி நடந்தது. 1961இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டரான மானுவல் ஆரோன், பன்னாட்டு விதிகளையும் தொடக்க ஆட்டப் பயிற்சியையும் இளைஞரிடையே பரப்பியவர்களில் முதன்மையானவர். 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் அமைந்த தால் சதுரங்க மன்றத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பயின்றார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பன்னாட்டு விதிகளுக்கு மாறியிராவிட்டால் இந்த வளர்ச்சி நடந்திருக்காது என்பதில் ஐயமில்லை. பழைய விதிகளை ஆடிய முதியவர்களிடம் அவற்றைக் கேட்டு ஊர்வாரியாக எழுதிவைக்கும் வேலையும் கூடவே நடந்திருக்கலாம். அது போதிய அளவு நடக்கவில்லை.

புதிய காய்களைப் படைத்தவர்கள்

இருக்கும் காய்க்குக் கூடுதல் ஆற்றல் தருவது ஒரு வழி. கலப்புக்காகவே புதிய காய் படைப்பது இன்னொரு வழி. சிசிலியின் பாதிரியார் பியெத்ரோ கரேரா 1617இல் பலகையை 80 கட்டமாக்கி, கோட்டையும் குதிரையும் கலந்த காயையும் பிஷப்பும் குதிரையும் கலந்த காயையும் சேர்த்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் 1920களில் காப்பாபிளாங்காவும் அதே இரு கலப்புகளை முன்வைத்தார். தேர்ந்தவர்களின் ஆட்டங்களெல்லாம் சமநிலையில் முடியத் தொடங்கிவிடும் என்ற அச்சம் அவருக்கு. இரண்டு முயற்சிகளும் பரவவில்லை. ஷோகியில் மட்டும் கலப்புக்காய்கள் நிலைபெற்றன. அங்கே கோட்டையும் பிஷப்பும் எதிரியின் எல்லைக்குள் நுழைந்தபின் ராஜாவின் நடையையும் கூடுதலாகப் பெறுகின்றன.

பாத்திரமேற்று விளையாட்டுகளில் அதே கேள்வி

சதுரங்கத்திலிருந்து போர்ப் பயிற்சி விளையாட்டுகள் கிளைத்தன. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் 1780இல் சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட முறையில் கட்டங்களுக்குப் பதில் நிலப்படமும், பகடையும், தீர்ப்புச் சொல்லும் நடுவரும் வந்தனர். அந்த மரபின் தொலைதூர வாரிசுதான் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இதில் ஆளுக்கு ஒரு படை என்பதில்லை. ஆளுக்கு ஒரே ஒரு வீரன், அவனுக்கு ஒரு வகுப்பு. இங்கே வகுப்பு என்பது தொழிற்பிரிவு. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்று வகுப்புகளோடு அது தொடங்கியது.

முதல் பதிப்பிலேயே கலப்பு வந்துவிட்டது. எல்ஃப் என்னும் வன இனத்தவர் போர்வீரராகவும் இருக்கலாம், மந்திரவாதியாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சாகசத்தின் தொடக்கத்திலும் இந்த முறை யார் என்று சொல்லிவிட வேண்டும். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேடு இதை விரித்தது. மனிதரல்லாத இனத்தவர் இரண்டு மூன்று வகுப்புகளில் ஒருசேர வளரலாம். ஈட்டும் அனுபவப் புள்ளிகள் அவற்றுக்கிடையே பங்காகிவிடும். மனிதருக்கு வேறு விதி. பழைய வகுப்பை விட்டுப் புதிய வகுப்பில் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். புதியதில் பழைய நிலையைத் தாண்டும் வரை பழைய திறமையைத் தொட்டால் அந்தச் சாகசத்தின் அனுபவப் புள்ளிகள் கிடைக்காது. வாளேந்தி வளர்ந்தவன் மந்திரம் கற்கும் காலத்தில் வாளை உறையில் வைத்திருக்க வேண்டும்! சுல்தான் கான் லண்டனில் இருந்த நிலையை இது நினைவூட்டுகிறது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தக் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு நிலை உயர்விலும் எந்த வகுப்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. விளைவாக, சண்டைக்கு எது லாபம் என்று கணக்குப் போட்டு ஐந்தாறு வகுப்புகளிலிருந்து ஒவ்வொரு துண்டு பொறுக்கிச் சேர்க்கும் ஆட்டக்காரர்கள் பெருகினர். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் மீண்டும் ஒரு வாசற்படி வைத்தார்கள். பழைய வகுப்புக்கும் புதிய வகுப்புக்கும் உரிய அடிப்படைத் திறன்கள் குறைந்தது 13 இருந்தால்தான் கலக்க முடியும். அதுவும் ஆட்டத்தை நடத்துபவர் ஒப்பினால்தான்.

இந்த விதிகளை ராஜாவின் பாய்ச்சலோடு ஒப்பிட்டால் இந்திய ஆட்டக்காரர்களின் தீர்வு எவ்வளவு சிக்கனமானது என்று புரியும். புள்ளிகள் இல்லை, பட்டியல் இல்லை, புதிய காய் இல்லை. ஒரு முறை மட்டும், அதுவும் மிரட்டப்படும் வரை மட்டும்.

இன்று ஆடிப் பார்க்க

பள்ளியில் இருக்கும் சாதாரணப் பலகையே இதற்குப் போதும். ராஜா–கோட்டை இடமாற்றத்தை நீக்கிவிட்டு, காலாளின் முதல் நகர்வை ஒரு கட்டமாக்கி, பதவி உயர்வை வரிசைப்படி வைத்துக்கொள்ள வேண்டும். தொடங்குமுன் மூன்றைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. பாயும் ராஜா எதிரிக் காயை வெட்டலாமா? ராஜா ஏற்கெனவே ஓரடி நகர்ந்திருந்தால் பாய்ச்சல் உரிமை இருக்குமா? வெட்டுப்படாத காயின் வரிசையில் காலாள் போய்ச் சேர்ந்தால் அங்கேயே காத்திருப்பானா, அல்லது கடைசிக் கட்டத்துக்கு முந்தைய கட்டத்திலேயே நிற்க வேண்டுமா? ஊருக்கு ஊர் வேறு விடை சொன்ன கேள்விகள் இவை. எந்த விடையை எடுத்துக்கொண்டாலும் இரு பக்கத்துக்கும் அது ஒன்றாக இருந்தால் சரி.